பறவை வேண்டும், வாவி வேண்டாமா?

ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் மட்டக்களப்பு வீதிகளில் ஒரு புதுவகை ஊர்வலத்தைக் காணலாம். இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் விடுமுறைக்கு வந்த உறவினர், கொழும்பிலிருந்து அவர்களைக் காண வந்த நண்பர், உள்ளூரில் வசதியோடு வாழும் குடும்பத்தினர் என எல்லோரும் வான்களில் ஏறிப் புறப்படுகின்றனர். வானின் கூரையில் கூடாரம், எரிவாயு அடுப்பு, குளிர்ப்பெட்டி. குடும்பத் தலைவரின் மடியில், கைக்குழந்தையைப்போல் அணைக்கப்பட்ட கமரா. அதன் முகத்தில் முழநீள வில்லை. எங்கே பயணம் என்று கேட்டால், யால என்பார்கள், குமண என்பார்கள், வில்பத்து என்பார்கள். பறவை பார்க்கப் போகிறோம், பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்டப் போகிறோம் என்பார்கள். கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது வானின் கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருக்கும். பாலத்தின் கீழே கிடக்கும் நீரை எவரும் பார்ப்பதில்லை.

குடும்பத்தோடு காட்டோரத்தில் கூடாரமடித்துத் தங்குவதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. முப்பது ஆண்டுப் போரில் காடு என்றாலே அச்சம் என்று வளர்ந்த ஒரு தலைமுறை, தன் பிள்ளைகளை அதே காட்டுக்கு அச்சமின்றி அழைத்துச் செல்வது மகிழ வேண்டிய செய்தியே. பறவைகளைப் படம் பிடிப்பதும் நல்ல பழக்கம். முன்பு இதே பறவைகளைத் துவக்கால் சுட்டவர்களின் பேரர்கள் இன்று கமராவால் சுடுகிறார்கள் என்றால் அது நாகரிகத்தின் முன்னேற்றம்தான். என் வழக்கு வேறு. பறவை மீது இவ்வளவு காதல் கொண்ட நாம், அப்பறவை நிற்கும் நீரைப் பற்றிக் கவலை கொள்ளாதிருப்பது எப்படி? நூறு கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும் நாரைக்காக அதிகாலை மூன்று மணிக்கு எழும் ஒருவர், தம் வீட்டுப் பின்வேலிக்கு அப்பால் நிற்கும் நாரையின்மீது குப்பைப் பை விழுவதைக் கண்டும் பேசாதிருப்பது எப்படி?

மட்டக்களப்பு வாவியை அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். வடக்கே ஏறாவூர்ப் பற்றிலிருந்து தெற்கே கல்முனை வரை, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரையோரத்தை ஒட்டிக் கிடக்கும் நீர்ப்பரப்பு இது. பரப்பளவு 140 சதுர கிலோமீற்றருக்கு மேல். கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடுமாய் விரியும் நிலத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். சூரியன் எழுவதும் படுவதும் வாவியை நடுவே வைத்தே கணிக்கப்பட்டன. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலான குளங்களின் உபரி நீரும் ஆறுகளும் மேற்கிலிருந்து வந்து சேர, பாலமீன்மடுவிலும் பெரிய கல்லாற்றுப் பக்கத்திலும் உள்ள முகத்துவாரங்கள் வழியே கடல்நீர் உள்ளே வருகின்றது. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இந்தக் கலப்புத்தான் வாவியின் செல்வம். கண்டல் வேர்களுக்கிடையே இறால் குஞ்சு வளர்வதும், சேற்றுத் திடல்களில் புழுவும் நண்டும் பெருகுவதும், அவற்றைத் தேடிப் பறவை வருவதும் இந்தக் கலப்பினால்தான்.

எந்தப் பறவை என்கிறீர்களா? கூழைக்கடா, நீர்க்காகம், நத்தை குத்தி நாரை, கொக்கு வகைகள், மீன்கொத்தி, நெடுங்கால் உள்ளான், நீளவால் இலைக்கோழி, கடற்பருந்து, ஆலா. யாலவில் கட்டணம் செலுத்தி, ஜீப்பில் குலுங்கி, இருபது வாகனங்களுக்குப் பின்னால் தூசி குடித்துக்கொண்டு பார்க்கும் நீர்ப்பறவைகளிற் பெரும்பாலானவற்றை இங்கே தோணியில் அமர்ந்தபடி பார்க்கலாம். இவற்றோடு, புரட்டாதி தொடங்கிப் பங்குனி வரை சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வரும் உள்ளான் கூட்டங்கள் வேறு. மத்திய ஆசியப் பறவைப் பாதை என்று அறிஞர் குறிப்பிடும் வான்வழியின் தென்கோடி நிலம் இலங்கை. அதற்குத் தெற்கே அண்டார்க்டிக்கா வரை கடல்தான். பல்லாயிரம் கிலோமீற்றர் பறந்து வரும் பறவைக்கு இதுதான் கடைசித் தரிப்பிடம்.

இங்கேதான் ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். புலம்பெயர்ந்தோர் வருவது ஐரோப்பிய, கனடியப் பாடசாலைகள் மூடும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில். அப்போது இங்கே கச்சான் காற்று வீசும். நிலம் வெடித்துக் கிடக்கும். வலசைப் பறவைகள் வடதுருவத்தில் குஞ்சுகளை வளர்த்துக் கொண்டிருக்கும். ஆக, ஆண்டுதோறும் நம்மைத் தேடி வரும் விருந்தினரைப் பெரும்பாலான புலம்பெயர் குடும்பங்கள் கண்டதே இல்லை. மறுபுறம், குமண வில்லுவில் நீர்ப்பறவைகள் கூடிக் கூடு கட்டுவது சித்திரை முதல் ஆடி வரையான காலத்தில். நம் விடுமுறையோ அந்தக் காலத்தின் இறுதியில், குஞ்சுகள் கூட்டில் இருக்கும் வேளையில் போய் முட்டுகின்றது. பறவை எவ்வித இடையூறையும் தாங்கமுடியாத வேளையில் நாம் அதன் வாசலில் கமராவோடு நிற்கிறோம். அது நம் வாசலுக்கு வரும் வேளையில் நாம் ஊரில் இல்லை. ஊரில் இருப்பவர்களுக்கோ அக்கறை இல்லை.

படப்பிடிப்பாளர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. பறவை நின்றால் படம் இல்லை, பறந்தால்தான் படம் என்று ஒரு மோகம் இப்போது பரவியிருக்கிறது. ஆயிரம் பறவைகள் ஒருசேர எழும் காட்சிக்கு முகநூலில் கிடைக்கும் வரவேற்பு, அமைதியாக இரை தேடும் ஒற்றை உள்ளானுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே எழுப்புகிறார்கள். இயந்திரப் படகை நேரே திடலை நோக்கி விடுகிறார்கள், கைதட்டுகிறார்கள், கல் எறிகிறார்கள், ட்ரோன் எனப்படும் பறக்கும் கமராவை ஏவுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதக் காலைப்பொழுதில், படுவான்கரைப் பக்கமாக முதிய மீனவர் ஒருவரின் தோணியில் சென்று கொண்டிருந்தேன். எமக்குச் சற்றுத் தொலைவில் இயந்திரப் படகொன்று, உள்ளான்கள் அடைந்திருந்த மணல் திடலைச் சுற்றிச் சுற்றி வந்து கொண்டிருந்தது. கூட்டம் எழும், கமராக்கள் படபடக்கும், கூட்டம் வட்டமிட்டு மீண்டும் இறங்கும், படகு மீண்டும் திரும்பும். அந்த முதியவர் துடுப்பை மடியில் கிடத்திவிட்டுச் சொன்னார்: “அதுகள் இளைப்பாறுற திடல் மனே அது. மூணு தரம் எழுப்பியாச்சி. இனி இஞ்ச இருக்காதுகள்.” நான்காம் முறை எழுந்த கூட்டம் திரும்பவில்லை.

அவர் பறவையியல் படித்தவரல்லர். ஆனால் பறவையியல் சொல்வதும் அதுவே. வலசைப் பறவை இங்கே உல்லாசம் போக வந்ததன்று. திரும்பிச் செல்லும் பயணத்துக்கான கொழுப்பை உடலில் சேமிக்க வந்தது. ஒவ்வொரு முறை எழுப்பப்படும்போதும் அது சேமித்ததில் ஒரு பகுதி எரிகின்றது. இரை தேட வேண்டிய நேரமும் வீணாகின்றது. சேமிப்புக் குறைந்த பறவை இமயத்தையோ அதற்கு அப்பாலுள்ள பாலையையோ தாண்டுவதில்லை. படம் எடுத்தவருக்கு அது தெரியப் போவதுமில்லை. கூட்டின் அருகே செல்வது இதனினும் கொடிது. தாய்ப்பறவை எழுந்த சில நிமிடங்களில் வெயில் முட்டையைச் சுடும். அல்லது காகம் வரும். தெளிவான காட்சிக்காகக் கூட்டை மறைத்த கிளையை ஒடித்துவிட்டுப் படமெடுப்பவர்களும் உளர். ஒலிப்பதிவுக் கருவியில் பறவையின் குரலை மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டு, போட்டிக்கு வேறொரு பறவை வந்துவிட்டதென்று அதை ஏமாற்றி வெளியே இழுப்பவர்களும் உளர். 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இந்நாட்டின் பறவைகளிற் சிலவற்றைத் தவிர்த்து ஏனைய யாவற்றுக்கும் பாதுகாப்பளிக்கின்றது. சட்டம் இருக்கிறது. அதை மீறிப் பெற்ற படத்துக்குப் பாராட்டுத் தெரிவிக்கும் நாமும் இருக்கிறோம்.

தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் என்றொருவர் இருந்தார். 1912 இல் பிறந்து 1996 இல் மறைந்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் கானுயிர்களைப் பற்றி எழுதியவர். கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தவர். இன்றைய கருவிகளோடு ஒப்பிட்டால் அவருடைய கமரா ஒரு விளையாட்டுப் பொருள். ஆனால் விலங்கின் போக்கை அறிந்து, அதன் நேரத்துக்குத் தம் நேரத்தை ஒப்படைத்துக் காத்திருந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாக வெளியிட்டார். பத்து இலட்சம் ரூபாய்க்கு வில்லை வாங்குபவர்கள், அந்தச் சிறிய நூலையும் ஒரு பிரதி வாங்கிப் படித்தால் வில்லைக்கு நல்லது.

“காட்டில் தங்குவது எங்களுக்குப் புதிய பழக்கம், ஒழுங்கு தெரிய நாளாகும்” என்று சமாதானம் கூறுவோரும் உண்டு. ஒப்புக்கொள்ள மாட்டேன். காட்டில் தங்குவது நமக்குப் புதிதன்று. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை சென்ற கிழக்கிலங்கைக் குடும்பங்கள் உகந்தை முருகனை வணங்கிவிட்டு, இன்றைய குமண, யால காடுகளுக்கூடாகவே நடந்தன. பானை, அரிசி, பாய், குழந்தைகள் எல்லாம் தலைச்சுமையும் தோள்சுமையுமாகச் சென்றன. கும்புக்கன் ஆற்றங்கரையில் தங்கினர், மரத்தடியில் சமைத்தனர், யானை வரும் வழியறிந்து ஒதுங்கிப் படுத்தனர். அது விரதம். புலால் இல்லை; வீண் கூச்சல் இல்லை; காடு முருகனுடையது, நாம் அதனூடே செல்ல அனுமதிக்கப்பட்டவர் என்ற எண்ணம் இருந்தது. வயலில் வாடி அமைத்து மாதக்கணக்கில் குடும்பத்தோடு தங்கியவர்களும் நம்மவர்களே. இன்று அதே யாத்திரைப் பாதையில் ஆயிரக்கணக்கானோர் நடக்கின்றனர். அவர்களுக்குப் பின்னால் பிளாஸ்ரிக் போத்தல்களும் பொலித்தீன் பைகளும் கிடக்கின்றன. பக்தரும் சுற்றுலாப் பயணியும் குப்பையில் ஒன்றாகிவிட்டனர்.

குப்பை என்றதும் ஒரு படம் நினைவுக்கு வருகின்றது. 2020 இல் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த படப்பிடிப்பாளர் தர்மபாலன் திலக்சன், அம்பாறை மாவட்டத்தின் ஒலுவில் பகுதியிலுள்ள குப்பை மேட்டில் காட்டு யானைகள் இரை தேடும் காட்சியைப் படமெடுத்தார். உலகமெங்கும் அப்படங்கள் பரவின. அதே மாவட்டத்தின் பள்ளக்காட்டிலுள்ள குப்பை மேட்டில், எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் பிளாஸ்ரிக்கை உண்டு மாண்டன என்ற செய்தி 2022 இன் தொடக்கத்தில் வெளிவந்தது. கானுயிர்ப் படப்பிடிப்பு என்பதற்கு நான் தரும் முதல் எடுத்துக்காட்டு ஒலுவில் படங்கள்தாம். விலங்கு எந்த நிலத்தில், எவர் செய்த வினையின் நடுவே நிற்கின்றதோ, அதையும் சேர்த்துக் காட்டியதனால் அவை படங்கள். நாம் எடுப்பவையோ மின்கம்பியை வெட்டி, குப்பையை வெட்டி, மனிதனை வெட்டி, பறவையை மட்டும் மிஞ்சவிட்ட அலங்காரங்கள். வாவிக்கரையில் கொக்கைப் படமெடுத்துவிட்டு, கொக்கின் காலடியில் கிடந்த பொலித்தீனைக் கணினியில் அழித்துவிடுகிறார்கள். கணினியில் அழிந்தது கரையில் அழியவில்லையே!

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கல்லோயாவில் சேனாநாயக்க சமுத்திரத்தைக் கடக்கும் யானையைப் படகிலிருந்து பார்த்துக் குழந்தைகள் மகிழ்கின்றனர், மகிழட்டும். ஆனால் வவுணதீவிலும் வெல்லாவெளியிலும் உன்னிச்சையிலும் அதே யானையின் பெயரால் இரவு முழுவதும் உறங்காத குடும்பங்கள் உள்ளன. 2023 இல் மட்டும் இந்நாட்டில் 400 க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் 150 க்கும் மேற்பட்ட மனிதர்கள் இறந்தனர். படுவான்கரை விவசாயிக்கு இயற்கை என்பது விடுமுறையன்று. கூடாரமடிக்கச் செல்பவர்கள், போகும் வழியில் அந்த வயல் வாடியொன்றில் அரைமணி நேரம் அமர்ந்து பேசிவிட்டுப் போனால், பிள்ளைகள் யானையைப் பற்றி முழுமையாகக் கற்பார்கள்.

இங்கே என் நண்பர்கள் சிலர் குறுக்கிடுவார்கள் என்பதை அறிவேன். “நீர் சொல்வது சரி. ஆனால் பறவை, காடு, பாதுகாப்பு என்று பேசத் தொடங்கினால் அடுத்த நாள் எல்லைக்கல் வரும். எல்லைக்கல் வந்தால் எங்கள் நிலம் போகும்” என்பார்கள். இந்த அச்சத்தை வெறும் கற்பனை என்று தள்ளிவிட என்னால் முடியாது. 2009 இல் போர் முடிந்தபின், வனவள, வனஜீவராசிகள், தொல்பொருள் திணைக்களங்களின் எல்லையிடல்கள் கிழக்கில் எத்தனை குடும்பங்களைக் கலங்கவைத்தன என்பதைச் செய்தியாளனாக அறிந்திருக்கிறேன். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருட்களுக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. 2023 செப்ரெம்பரில் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டத்தை நாடறியும். பாதுகாப்பு என்ற சொல்லே பறிப்பு என்று காதில் விழும் நிலைமைக்கு ஆட்சியாளர்களே பொறுப்பு.

ஆனால் அந்த அச்சத்தை முன்வைத்து நாம் என்ன செய்கிறோம்? வாவியைக் கைவிடுகிறோம். அரசு காத்தால் பறித்துவிடும் என்று சொல்லிக்கொண்டு, நாமே அதை மூட்டை மூட்டையாகக் குப்பை கொட்டி நிரப்புகிறோம். கரையோரக் கண்டலை வெட்டி, மண் போட்டு, வேலி நகர்த்தி, மதில் கட்டுகிறோம். அதைச் செய்பவர் வெளியூர்க் குடியேறி அல்லர், நம் அயலவர். நிலத்தைப் பிறர் எடுத்தால் அது ஆக்கிரமிப்பு. வாவியை நாமே எடுத்தால் அது வளவு விரிவாக்கமா? மீன்பாடும் தேன்நாடு என்று மேடைதோறும் முழங்குகிறோம். 1848 இல் எமர்சன் தெனன்ற் தோணியிலிருந்து கேட்டு எழுதிய ஒலி அது. 1950களில் இயேசு சபைத் துறவியான லாங் அடிகளார் கருவியிற் பதிவு செய்த ஒலி அது. ‘யாழ் நூல்’ தந்த விபுலாநந்த அடிகளின் இசை ஆய்வில் நீரர மகளிராக உருப்பெற்ற ஒலி அது. அந்த நீரில் ஆற்றுவாழை மண்டிக் கிடப்பதும் கழிவுநீர் கலப்பதும் எந்த மேடையிலும் பேசப்படுவதில்லை. மீனின் பெயரில் பெருமை. மீனின் வீட்டில் சாக்கடை.

ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக இலங்கையில் 1990 முதல் 2013 வரை ஆறு இடங்கள் சேர்க்கப்பட்டன. பூந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, மன்னார் மாவட்டத்து வங்காலை, குமண, வில்பத்து ஆகியவையே அவை. 56 கிலோமீற்றர் நீண்ட மட்டக்களப்பு வாவி அவற்றுள் இல்லை. பட்டியலில் இடம்பெற்றால் எல்லாம் சீராகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால், அதற்காகக் குரல் கொடுத்த ஒரு தமிழ் அரசியல்வாதியின் தேர்தல் விஞ்ஞாபனத்தை இதுவரை நான் படித்ததில்லை என்பது, நம் அக்கறையின் அளவைக் காட்டுகின்றது.

எல்லைக்கல்லுக்கு அஞ்சுபவர்களுக்கு வேடந்தாங்கலின் கதையைச் சொல்கிறேன். செங்கற்பட்டுக்கு அருகேயுள்ள அந்த ஏரிக்கு வரும் நீர்ப்பறவைகளை ஊரார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். காரணம் பக்தி மட்டுமன்று. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798 அளவில் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் அவ்வூராரின் உரிமையை ஏற்று எழுத்தில் உறுதி வழங்கினார். கவனியுங்கள்: அரசு வந்து ஊரை வெளியேற்றிப் பறவையைக் காக்கவில்லை. ஊர் சென்று, பறவை எங்களுடையது என்று அரசிடம் எழுதி வாங்கியது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பகுதியில், கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் அஞ்சி ஓடிவிடும் என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளத்தில் பறவைகள் வீட்டுக் கொல்லை மரத்தில் கூடு கட்டுகின்றன. இவையெல்லாம் தமிழ் ஊர்கள். பறவையைக் காத்ததனால் அவர்கள் நிலம் இழக்கவில்லை. தம் நிலத்தின் மீதான உரிமைக்குச் சான்று பெற்றனர்.

மட்டக்களப்பில் அது ஏன் முடியாது? இந்தத் திடல் எங்கள் ஊர்ப் பறவைத் திடல், இந்தக் கண்டல் எங்கள் இறால் விளையும் கண்டல் என்று ஒவ்வொரு வாவிக்கரைக் கிராமத்தின் மீனவர் கூட்டுறவுச் சங்கமும் எழுதி வைக்கட்டும். பிரதேச சபையில் பதியட்டும். மார்கழி முதல் பங்குனி வரை இயந்திரப் படகு அங்கே நெருங்கலாகாது என்று தீர்மானம் இயற்றட்டும். பறவை எண்ணிக்கையை ஆண்டுதோறும் குறித்து வைக்கும் ஊர், அந்த நீரோடு தனக்குள்ள தொடர்புக்கு ஆவணம் சேர்க்கும் ஊர். நாளை எவர் எல்லைக்கல்லோடு வந்தாலும், “நாங்கள்தான் காவலர், இதோ எங்கள் பதிவேடு” என்று காட்ட முடியும். குப்பை கொட்டிய ஊர் எதைக் காட்டும்?

சுற்றுலாவினால் பணம் வருகிறதே, அதைக் கெடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். எவருக்கு வருகிறது என்று நான் கேட்கிறேன். போருக்குப் பின் பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தன. தோணி ஏற்றும் கரை சுருங்கிப் போயிற்று என்று அங்குள்ள மீனவர்கள் முறையிட்டனர். வாவியிலும் அதே கதை நடக்க வேண்டுமா? பறவை பார்க்க வருபவர் வாடகைக்கு அமர்த்த வேண்டியது துடுப்புத் தோணியை. வழிகாட்டியாகக் கொள்ள வேண்டியது அத்தோணிக்குரிய மீனவரை. எந்தத் திடலில் எந்த நேரம் எது இறங்கும் என்று அவருக்குத் தெரியும். பறவைகளுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்கள் எந்த நூலிலும் முழுமையாக ஏறவில்லை. ஜி. எம். ஹென்றியின் இலங்கைப் பறவைகள் பற்றிய ஆங்கில நூல் 1955 இல் வந்தது. நம் மீனவர் அறிவு அதற்கும் முற்பட்டது. அவருக்கு ஒரு நாட் கூலியைக் கொடுத்து, அவர் சொல்வதைப் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதினால், அதுவே நான் காண விரும்பும் சுற்றுலா.

புலம்பெயர்ந்த உறவுகளிடம் ஒரு கேள்வி. இலண்டனில் பாண்ஸ் என்ற இடத்தில், பயனற்றுப் போன பழைய நீர்த்தேக்கங்களைத் திருத்தி 2000 ஆம் ஆண்டில் ஈரநில மையமொன்றைத் திறந்தார்கள். நீங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றிருப்பீர்கள். மறைகுடிலுக்குள் குரல் தாழ்த்திப் பேசியிருப்பீர்கள். ரொறன்ரோவில், கட்டட இடிபாடுகளைக் கொட்டி உருவான நிலநீட்சியில் இன்று நீர்க்காகங்கள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. கூடு கட்டும் காலத்தில் தடுத்த எல்லைக்குள் நீங்கள் கால் வைப்பதில்லை. குப்பையைப் பையில் கட்டி வீட்டுக்கே கொண்டுசெல்கிறீர்கள். அந்த ஒழுக்கம் கட்டுநாயக்கவில் இறங்கியவுடன் எங்கே போகிறது? அங்கே சட்டம் தண்டிக்கும் என்பதற்காக மட்டும் கைக்கொண்ட ஒழுக்கமா அது? ஊருக்கு வந்தபின், “இங்கே எல்லாம் இப்படித்தான்” என்று தோளைக் குலுக்கிவிட்டு, சாப்பாட்டுப் பொதி சுற்றிய பொலித்தீனை வாவிக்குள் வீசும்போது, பிறந்த மண்ணுக்கு நீங்கள் தரும் மதிப்பு எவ்வளவு என்பது உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆகவே நான் வேண்டுவன மிகச் சில. உங்கள் விடுமுறையில் ஒரு நாளை, ஒரே ஒரு நாளை, வாவிக்கு ஒதுக்குங்கள். இயன்றால் ஓராண்டு நத்தார் விடுமுறையில் வாருங்கள். மழை பெய்யும், சேறு ஒட்டும், ஆனால் வலசைப் பறவைகள் இருக்கும். கூட்டை நெருங்காதீர்கள்; பறவையை எழுப்பாதீர்கள்; அது தலை நிமிர்த்தி உங்களைப் பார்க்கத் தொடங்கினால், அதற்கு மேல் ஓரடியும் வைக்காதீர்கள். கொண்டுசென்றதை எல்லாம் திரும்பக் கொண்டுவாருங்கள். எடுத்த படத்தின் கீழே ஊரின் பெயரையும் நாளையும் எழுதுங்கள். கூடு இருக்கும் இடத்தை மட்டும் எழுதாதீர்கள். படத்தில் குப்பை விழுந்தால் அதை அழிக்காமல் வெளியிடுங்கள். வெளியிட்டு, அந்த ஊரின் சபைத் தவிசாளருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஆயிரம் பாராட்டு வாங்கும் படத்தைவிட ஒரு தவிசாளரைச் சங்கடப்படுத்தும் படம் பறவைக்குப் பயன்படும்.

உள்ளூர்ப் பெருமக்களிடமும் ஒரு சொல். வாவிக்கரைக் கண்டல் ஒரு சதுர அடி குறைந்தாலும், அது முதலில் அடிப்பது மீனவனின் வலையைத்தான். பிறகு வெள்ளக் காலத்தில் உங்கள் வீட்டு வாசற்படியை. 2004 டிசெம்பர் 26 இல் நாவலடியிலும் கல்லடியிலும் கடல் என்ன செய்தது என்பதைக் கண்ட நாம், நீருக்கு இடம் விடவேண்டும் என்பதை இன்னொருவரிடம் கற்கவேண்டியதில்லை. பறவை அந்த இடத்தின் அடையாளம். பறவை வரும் திடலில் மீன் உண்டு. மீன் உள்ள நீரில் ஊருக்குச் சோறு உண்டு. பறவை வராத ஆண்டு எதையோ நாம் இழந்துவிட்டோம் என்பதற்கான முதல் அறிவித்தல். அந்த அறிவித்தலைப் படிக்க ஆயிரம் மில்லிமீற்றர் வில்லை வேண்டியதில்லை. கரைக்குப் போய் நின்று பார்க்கும் இரு கண்கள் போதும். இந்த ஆண்டு எத்தனை பேர் போய் நிற்கப் போகிறோம்?